உந்தம், கணத்தாக்கு, மோதல்: சேர்த்துப் படித்தால் புரியும்

பிளஸ் ஒன் இயற்பியலில் உந்தமும் கணத்தாக்கும் இயக்க விதிகள் பாடத்தில் வரும். மோதல்கள் அதற்கடுத்த வேலை, ஆற்றல், திறன் பாடத்தில் இருக்கும். நான் படித்தபோது இரண்டையும் ஒரே நோட்டில், ஒரே பாடமாக வைத்துப் படித்தேன். இப்போது பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பிள்ளைகள் சந்தேகம் கேட்டு வந்தால் அப்படியேதான் சொல்லித் தருகிறேன்.

முதலில் கணத்தாக்கு. விசையையும் அது செயல்பட்ட நேரத்தையும் பெருக்கினால் வருவதுதான் கணத்தாக்கு. அது உந்த மாற்றத்துக்குச் சமம்; உந்தம் என்றால் நிறை × திசைவேகம். நம் படகுத்துறைச் சுவரில் பழைய டயர்களைக் கட்டித் தொங்கவிடுவது ஏன்? படகு டயரில் முட்டி நின்றாலும் வெறும் கான்கிரீட்டில் முட்டி நின்றாலும் உந்த மாற்றம் ஒன்றுதான். டயர் அமுங்குவதால் நிற்க எடுக்கும் நேரம் கூடுகிறது, விசை குறைகிறது, பலகை தப்புகிறது. "டயர் உந்த மாற்றத்தைக் குறைக்கிறது" என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

அடுத்து, குறி. 0.2 கிலோ பந்து 10 மீ/வி வேகத்தில் சுவரில் மோதி 8 மீ/வி வேகத்தில் திரும்புகிறது. உந்த மாற்றம் எவ்வளவு? பலர் 10-லிருந்து 8-ஐக் கழித்து 0.4 என்று எழுதுவார்கள். திசை மாறியதால் 10-ஐயும் 8-ஐயும் கூட்ட வேண்டும்: 0.2 × 18 = 3.6 நியூட்டன் விநாடி. கணக்கைத் தொடுவதற்கு முன் ஓர் அம்புக்குறி போட்டு, எந்தப் பக்கம் நேர்க்குறி என்று முடிவு செய்துவிடுங்கள்.

மோதல் கணக்கில் நான் ஓரத்தில் இரண்டு கேள்விகள் எழுதி வைப்பேன்: எது அமைப்பு? எந்த நேர இடைவெளி? நிற்கும் வள்ளத்திலிருந்து ஒருவர் குதித்தால் வள்ளம் பின்னால் நகரும். வள்ளத்தை மட்டும் பார்த்தால் உந்தம் மாறியிருக்கிறது. ஆளையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் குறுகிய நேரத்தில் தண்ணீரின் தடை பொருட்படுத்த வேண்டாத அளவுதான், மொத்த உந்தம் மாறுவதில்லை.

நேர இடைவெளிக் கேள்வி இன்னும் முக்கியம். கயிற்றில் தொங்கும் 0.99 கிலோ மரக்கட்டையில் 0.01 கிலோ குண்டு 400 மீ/வி வேகத்தில் புதைகிறது. எவ்வளவு உயரம் எழும்? தொடக்கத்திலிருந்தே ஆற்றல் மாறாது என்று போட்டால் 800 ஜூல், விடை 80 மீட்டர். மரக்கட்டை 80 மீட்டர் எழும்புமா! புதையும் நேரத்துக்கு உந்த அழிவின்மையை (மொத்த உந்தம் மாறாது என்பதை) போடுங்கள்: சேர்ந்த வேகம் 4 மீ/வி. அதற்குப் பிறகு எழும்பும் பகுதிக்குத்தான் ஆற்றல் அழிவின்மை: ஈர்ப்பு முடுக்கம் 10 என்று கொண்டால் 0.8 மீட்டர். 800 ஜூலில் 792 ஜூல் வெப்பமாகவும் ஒலியாகவும் மரத்தைச் சிதைப்பதிலும் போய்விட்டது. இந்த ஒரு கணக்கைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போட முடிந்தால் பாதிப் பாடம் கையில் வந்த மாதிரி.

சமநிறைப் பொருள்கள் நேருக்கு நேர் மீட்சி மோதலில் (மொத்த இயக்க ஆற்றல் குறையாத மோதலில்) திசைவேகங்களைப் பரிமாறிக்கொள்ளும். இதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்யாமல் ஒருமுறை வருவித்துப் பாருங்கள், போதும்.

நீட்டுக்குத் தயாராகிறவர்கள் இரு பரிமாண மோதலையும் விட வேண்டாம். எக்ஸ், ஒய் அச்சுகளுக்குத் தனித்தனி உந்தச் சமன்பாடு எழுதுங்கள். இயக்க ஆற்றல் ஸ்கேலர், அதாவது திசை இல்லாத அளவு. அதைக் கூறுகளாகப் பிரிக்கக் கூடாது. அதற்கு ஒரே சமன்பாடுதான், அதுவும் மீட்சி மோதல் என்று கேள்வியில் சொல்லியிருந்தால் மட்டும்.