மூன்று துப்பாக்கிகளும் ஒரு மசோதாவும்

2019 நவம்பர் 29 அன்று ஆயுதச் சட்டத் திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமானபோது, என் உரிமத்தில் மூன்று துப்பாக்கிகள் இருந்தன: தாத்தா விட்டுச் சென்ற இரட்டைக்குழல் துப்பாக்கி, டிராப் போட்டிக்கான ஒன்று, ஸ்கீட் போட்டிக்கான ஒன்று. இரண்டுமே பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டிகள். 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவருக்கு அனுமதித்த உச்ச எண்ணிக்கையும் மூன்றுதான். அதை ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்றது மசோதா.

கள்ளத் துப்பாக்கிகளையும் திருமண வீடுகளில் வானை நோக்கிச் சுடும் வழக்கத்தையும் ஒடுக்குவதற்கு அதில் இருந்த பிரிவுகளை நான் அன்றும் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். எண்ணிக்கைக் குறைப்பை எதிர்த்து நாங்கள் எழுதிய மனுவின் முதல் பத்தியிலேயே அதை எழுத வேண்டும் என்று சக வீரர்களிடம் வற்புறுத்தினேன். விளையாட்டு வீரர்களுக்குத்தான் ஏற்கெனவே விலக்கு உண்டே என்று பலர் கூறினார்கள். ஆனால் சட்டத்தின் 3ஆம் பிரிவு விலக்கு அளிப்பது, அங்கீகரிக்கப்பட்ட ரைஃபிள் சங்க உறுப்பினர்கள் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்குப் பயன்படுத்தும் .22 ரைஃபிளுக்கும் காற்று ரைஃபிளுக்கும்தான். பிஸ்டல் வீரர்களையும் ரவைகளைச் சிதறவிடும் ஷாட்கன் துப்பாக்கியால் சுடும் எங்களைப் போன்ற வீரர்களையும் அந்த வரி தொடுவதில்லை. புகழ்பெற்ற வீரர்களுக்கெனத் தனி விலக்கு இருந்தாலும், மாநில அளவில் முட்டி மோதிக்கொண்டிருந்தவர்களுக்கு அதனால் பயனில்லை.

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்துக்குத் துப்பாக்கியை எடுத்துச் செல்ல முடியாதல்லவா? ஆகவே புகைப்படங்களையும் ஒரு களிமண் தட்டையும் கொண்டு சென்றோம். அவருடைய உதவியாளர், பதினொரு சென்டிமீட்டர் அகலமே உள்ள அந்தத் தட்டை விரல்களுக்கிடையே திருப்பிப் பார்த்தபடி, "எல்லாமே துப்பாக்கிதானே சார், ஒன்று போதாதா?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி அது. டிராப்பில் தட்டு நம்மைவிட்டு விலகி ஓடுவதால் நீண்ட குழலும், சிதறாமல் தொலைவு செல்லும் ரவைக் கொத்தும் தேவை. ஸ்கீட்டில் தட்டு கண்ணுக்குக் குறுக்கே பாய்வதால் குழல் சற்றுக் குட்டையாக இருக்க வேண்டும், ரவைகளும் அருகிலேயே விரிய வேண்டும். கன்னம் பதியும் மரக்கட்டையை அவரவர் முகத்துக்கு ஏற்ப இழைத்திருப்பதால், இன்னொருவருடையதை இரவல் வாங்கியும் சமாளிக்க முடியாது. படங்களை அருகருகே வைத்து விளக்கியதும் அவர் குறிப்பேட்டை எடுத்தார். நாட்டின் பெருமை, பதக்கம் என்று நாங்கள் எழுதியிருந்த பத்திகளைவிட இந்தப் பத்து நிமிட விளக்கமே பயன்பட்டது என்பது என் உறுதியான எண்ணம்.

நாடெங்கிலுமிருந்து வீரர்கள் இதே குரலை எழுப்பினார்கள். டிசம்பர் 9 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் மசோதா நிறைவேறியபோது, எண்ணிக்கை ஒன்று என்பது இரண்டாகியிருந்தது. உரிமத்தின் காலமும் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீண்டது. கூடுதலாக வைத்திருப்பவர்கள் ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி மட்டும் என் உறக்கத்தைக் கெடுத்தது. தாத்தாவின் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க மனம் ஒப்பவில்லை.

2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கைதான் வழி திறந்தது. சர்வதேசப் பதக்கம் பெற்றவர்களும் புகழ்பெற்ற வீரர்களும் போட்டிப் பிரிவுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப எட்டு, பத்து, பன்னிரண்டு துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். வளரும் வீரர்களுக்கு இரண்டு. பொதுக் குடிமக்களுக்கு உரிய இரண்டும் இவற்றுக்கு மேல் தனியாக உண்டு. பயிற்சிக்கு வாங்கக்கூடிய தோட்டாக்களின் அளவும் கணிசமாக உயர்ந்தது.

அதன் பிறகும் உரிமத்தில் பதிவு பெறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நான் விண்ணப்பித்த அலுவலகத்தில் அறிவிக்கையே வந்து சேரவில்லை என்றார்கள். நகலை மூன்று முறை கொடுத்தேன், மூன்று முறையும் கோப்பில் காணவில்லை. நான்காம் முறை, சங்கச் சான்றிதழ், போட்டி மதிப்பெண் அட்டைகள், மனு, அறிவிக்கை நகல் ஆகியவற்றுக்குப் பக்க எண் இட்டு, ஒரே கட்டாகத் தைத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிவந்தேன். இதே வேலையில் இறங்குபவர்கள் முதல் நாளே அந்த முத்திரையை வாங்கிவிடுங்கள். ஏழு வாரம் கழித்து உரிமப் புத்தகம் திரும்பி வந்தபோது, அதில் மூன்று துப்பாக்கிகளின் எண்களும் அப்படியே இருந்தன.