பாலை பழுக்கும் காடு: வன்னி நடைக் குறிப்புகள்

யூன் 4

இலங்கையின் வடக்கே வன்னிக் காட்டில் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, ஓங்கிவிட்டது. குளக்கட்டில் ஒரு பிடி மணலைத் தூவினால் வடகிழக்கே பறக்கிறது. படம் எடுக்கிறவர்கள் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு நடப்பார்கள், மிருகத்துக்கு மணம் போகாது என்று. தனிமை தேடி நடப்பவருக்கு அது சரிவராது. காற்று முதுகில் பட, தென்மேற்குப் பக்கத்தால் இறங்க வேண்டும். ஆள் மணம் முன்னே போனால் யானை பெரும்பாலும் தானே விலகிவிடும். விடிந்ததும் இறங்கி 9 மணிக்குள் திரும்பிவிடலாம். வெயில் ஏற ஏறக் காற்றிரைச்சல் கூடும், கொப்பு முறிகிற சத்தம் கேளாது.

யூன் 9

பாலைப்பழம் கொட்டுகிறது. வீரை மரங்களுக்கு மேலாகத் தலை தூக்கி நிற்பதுதான் பாலை மரம்: கறுத்து வெடித்த பட்டை, நுனி சற்றே உட்குழிந்த இலை. மந்தி உதறிய பழம் கிடக்கிற மரத்துக்கு இருவாச்சியும் பச்சைப்புறாவும் வரும். சற்றுத் தள்ளி ஒரு மரத்தோடு சாய்ந்து அசையாமல் இருந்தால் போதும். தின்ன ஆசையென்றால் முதலில் உதட்டில் தேங்காயெண்ணெய் பூசுங்கள். பால் ஒட்டினால் தண்ணீருக்குப் போகாது.

கரடிக்கும் இதே பழம்தான். பட்டையில் புதுநகக் கீறலோ, பாலை விதை நிறைந்த எச்சமோ கண்டால் அந்த மரத்தடி உங்களுக்கில்லை. கரடிக்குக் கண்பார்வை மட்டு, தின்னும்போது காதும் கொடுக்காது. கிட்ட வந்தபின் திடுக்கிட்டுத்தான் பாயும். ஆகவே பற்றைக்குள் மௌனம் ஆபத்து. தடியால் தட்டி, கூட வந்தவரோடு கதைத்துக்கொண்டே போங்கள். தனிமை என்று ஒற்றை ஆளாய் இறங்குவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

யூன் 10

உண்ணிக் காலம். காற்சட்டை நுனியை மேசுக்குள் செருகவும். கடித்ததை நசுக்காமல், சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுக்க வேண்டும்.

யூன் 17

மோட்டைகள், காட்டுக்குள் இருக்கிற சிறு நீர்க்குட்டைகள், வற்றுகின்றன. மிச்சத் தண்ணீருக்கு எல்லாமே வரும், எனவே கரையில் குந்தாதீர்கள். யானைச் சாணமான லத்தியின் உட்புறம் சூடாக இருந்தால் யானை கிட்டத்தான் நிற்கிறது, திரும்புங்கள். வெளிறிக் காய்ந்து கறையான் ஏறியது பழசு.

காட்டுக்குள் போகிறவர்கள் வாயிலில் ஐயனாருக்கு முறித்து வைத்த குழை வாடாமலிருந்தால், இன்று உங்களுக்கு முன்னே ஆள் போயிருக்கிறது. அன்று தனிமைக்கு வேறு பாதை பாருங்கள். ஆனால் ஊரார் நாளாந்தம் புழங்குகிற பாதையாகவே இருக்கட்டும். மாட்டுத்தடத்தை நம்பி விலகவேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, அதாவது கண்ணிவெடி எச்சரிக்கை, தெரிந்தால் அந்த இடத்திலேயே நின்று, வந்த காலடியிலேயே கால் வைத்துத் திரும்ப வேண்டும். பலகை விழுந்து கிடந்தாலும் அப்படித்தான்.