குண்டூசி முனைக் காலனி

வலது அடிவயிற்றில் வலி, காய்ச்சல், வெள்ளணு உயர்வு. குடல்வால் அழற்சிதான் என்று வயிற்றைத் திறந்தால் குடல்வால் ஒன்றும் ஆகாமல் இருக்கிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதி சிவந்து தடித்திருக்கிறது, பக்கத்து நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருக்கின்றன. இப்படி ஏமாற்றுவதில் பெயர்போன கிருமி யெர்சினியா என்டெரோகோலிட்டிகா. 1976இல் நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா கவுண்டியில் சாக்லேட் பால் வழியாகப் பரவியபோது 16 குழந்தைகளுக்குக் குடல்வாலை எடுத்தே விட்டார்கள்.

கிருமியைத் தவறவிடுவது பெரும்பாலும் நாங்கள்தான், ஆய்வகத்துக்காரர்கள். மலத்தை மெக்கான்கி தட்டில் (குடல் கிருமிகளை வளர்க்கும் வழக்கமான ஊடகம்) தேய்த்து 37 டிகிரியில் வைத்தால், மறுநாள் காலை குடலில் இயல்பாக வாழும் இ.கோலை பாக்டீரியாவின் கொழுத்த இளஞ்சிவப்புக் காலனிகளுக்கு (கிருமித் திட்டுகளுக்கு) நடுவே இது குண்டூசி முனையளவு, நிறமில்லாமல் கிடக்கும். "நோய்க்கிருமி வளரவில்லை" என்று எழுதித் தட்டைக் கழித்துவிடுவோம்.

மருத்துவர் அனுப்பும் படிவத்தில் 'யெர்சினியா' என்ற ஒரு சொல் இருந்தால் போதும், வேலையே மாறிவிடும். யெர்சினியாவைத் தேடவென்றே உள்ள சி.ஐ.என். அகார் தட்டு, 25 முதல் 30 டிகிரி, 48 மணி நேரம். காலனியின் நடுவில் அடர்சிவப்பு, சுற்றிலும் கண்ணாடி போன்ற விளிம்பு. ஏரோமோனாஸ், சிட்ரோபாக்டர் என்ற வேறு பாக்டீரியாக்களும் இதே வேஷம் போடும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. ஏரோமோனாஸ் ஆக்சிடேஸ் நொதிச் சோதனையில் நேர்மறை காட்டி மாட்டிக்கொள்ளும். யெர்சினியா ஆக்சிடேஸ் எதிர்மறை, யூரியாவை உடைக்கும் யூரியேஸ் நொதி நேர்மறை.

எங்களுக்குப் பிடித்த சோதனை இரண்டு குழாய்தான். கிருமி தொட்ட ஊசியால் அரைத்திட அகாரில் (கூழ் போன்ற ஊடகம்) குத்தி ஒன்றை 25 டிகிரியிலும் மற்றதை 37லும் வையுங்கள். முதலாவதில் குத்திய கோட்டிலிருந்து புகை மாதிரி கலங்கல் பரவும். இரண்டாவதில் கோடு கோடாகவே நிற்கும். உடல் சூட்டில் இதற்கு நீந்தத் தெரியாது.

4 டிகிரியில் மூன்று வாரம் வைக்கும் குளிர் வளர்ப்பு முறையும் உண்டு. முடிவு வருவதற்குள் நோயாளி தேறி வீட்டுக்குப் போயிருப்பார். அதோடு பொதுவாக நோய் உண்டாக்காததாகக் கருதப்படும் இதே கிருமியின் 1ஏ வகையும் அதில் செழித்து வளர்ந்து குழப்பும். இந்த முறையை, பரவலின் மூலத்தைத் தேடுபவர்களுக்கு விட்டுவிடலாம். ஆனால் குளிரில் பெருகும் இதே குணத்தால்தான் குளிர்ப்பெட்டி உணவும், ரத்த வங்கியில் சேமித்த சிவப்பணுப் பையும் ஆபத்தாகின்றன.

பெரும்பாலானோருக்கு மருந்தில்லாமலே சரியாகும். ஆம்பிசிலின் கொடுப்பது வீண், கிருமி சுரக்கும் பீட்டா லாக்டமேஸ் நொதி அதை உடைத்துவிடும். தலசீமியா நோயாளிக்கு வயிற்றுவலியும் காய்ச்சலும் வந்தால் கதையே வேறு. அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் உடலில் சேரும் இரும்பை நீக்க அவருக்குக் கொடுக்கும் டெஸ்ஃபெரியாக்சமின் மருந்து, அந்த இரும்பைப் பிடித்து இந்தக் கிருமிக்கே ஊட்டுகிறது. மருந்தை உடனே நிறுத்தி, மலத்தோடு ரத்தத்தையும் வளர்ப்புக்கு அனுப்ப வேண்டும்.