சொந்தக் கடை வச்சிருக்கறவருக்கு வேலை போனா இஎம்ஐ கட்டுற இன்சூரன்ஸ்

லோன் குடுக்கும்போது கூடவே ஒரு இன்சூரன்ஸையும் சேத்து தலையில கட்டிடறாங்க, அந்தக் காச திருப்பி வாங்க முடியுமான்னு நெறைய பேர் கேக்கறாங்க. முடியும். ஆனா "கட்டாயம்னு சொன்னாங்க சார், அதான் போட்டேன்"னு போய் நின்னீங்கன்னா ஒரு பைசா வராது, ஏன்னா அது வாயால சொன்னது, "நாங்க அப்டி சொல்லவே இல்லயே"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. அவங்க வாயால சொன்னத விட்டுட்டு, உங்க பேர்ல அவங்க எழுதி வச்சிருக்கறத புடிங்க. எங்க மாமா விஷயத்துல அதத்தான் புடிச்சோம்.

மாமாவுக்கு வேலூர் தோட்டப்பாளையத்துல டூவீலர் மெக்கானிக் கடை. பொண்ணு கல்யாணத்துக்கு 4 லட்சம் பெர்சனல் லோன் போட்டாரு. எந்த பேங்க்னு சொல்லப் போறதில்ல, எல்லாரும் பண்றதுதான். அக்கவுண்ட்ல வந்து விழுந்தது 3,75,810. மிச்சம் எங்கன்னு கேட்டா "எல்லா சார்ஜும் போக சார்"னு பதில். பிராசஸிங் ஃபீஸ் ஜிஎஸ்டியோட 9,440, சரி அது தெரிஞ்சதுதான். இன்னொரு 14,750 இருந்துச்சு, அது இன்சூரன்ஸ் பிரீமியம் 12,500, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. நான் ராணிப்பேட்டையில ஒரு ஷூ அப்பர் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், அதனால வீட்டுல யாருக்கு பேங்க்ல இருந்து எது வந்தாலும் பேப்பர் நேரா என்கிட்டதான் வரும்.

இதுல 14,750 போச்சுன்னு நெனச்சா தப்பு, அதுக்கு மேல போகுது. அந்தப் பணத்த அவரு பாக்கெட்ல இருந்து எடுத்துக் கட்டல, லோன்லயே சேத்துட்டாங்க, அப்ப வட்டி முழு 4 லட்சத்துக்கும் ஓடும். 16 சதவீதம், 48 மாசம்னு கணக்கு போட்டா இந்த இன்சூரன்ஸுக்கு மட்டும் மாசம் 418 ரூபா, மொத்தமா 20,000 தாண்டுது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு பிரீமியம், பேங்க்குக்கு வித்துக் குடுத்த கமிஷன், அதுக்கு மேல அந்த பிரீமியத்துக்கே வட்டி. ஒரே ஆள்கிட்ட மூணு தடவ.

பிராஞ்ச்ல போய் கேட்டப்ப ஸ்க்ரீன திருப்பிக் காட்டி "கஸ்டமர் ஓடிபி குடுத்து ஒத்துக்கிட்டிருக்காரு, கேஎஃப்எஸ்லயும் கையெழுத்து இருக்கு"ன்னாங்க. கேஎஃப்எஸ்ன்னா லோனோட முக்கிய விவரமெல்லாம் போட்ட ஒரு ஷீட், 2024 அக்டோபர் 1ல இருந்து எல்லா ரீடெயில் லோனுக்கும் குடுத்தே ஆகணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு. அதுல இன்சூரன்ஸ் மாதிரி வேற கம்பெனிக்கு போற பணத்தையும் காட்டி, அதையும் சேத்துத்தான் வருஷ வட்டி வீதம் போடணும். வாங்கறவருக்கு புரியற பாஷையில குடுக்கணும்னும் இருக்கு. மாமாவுக்கு குடுத்தது முழுக்க இங்கிலீஷ். அந்த ஓடிபி கதையும் தனி. ஃபோன் பண்ணின பையன் "லோன் சாங்ஷனுக்கு ஒரு நம்பர் வரும் சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கான், இவரும் ஸ்பானரோட நின்னுக்கினே படிச்சு சொல்லியிருக்காரு, அந்த நம்பர்தான் இன்சூரன்ஸுக்கு சம்மதமாம்.

மேனேஜர்கிட்ட வாதம் பண்றத அதோட நிறுத்திட்டு ஒரு லெட்டர் குடுத்தோம். மூணே மூணு கேட்டோம்: இன்சூரன்ஸ் சர்டிபிகேட், அதுக்கு ஃபில் பண்ணின ப்ரொபோசல் ஃபாரம், ஆரோக்கியமா இருக்கேன்னு குடுக்கற டெக்ளரேஷன். ஒரு காப்பியில பிராஞ்ச் சீலு தேதியோட வாங்கிக்கிட்டோம். இன்சூரன்ஸ் கம்பெனி குறைதீர்ப்பு ஈமெயிலுக்கும் இதையே அனுப்பினோம்.

வந்த பேப்பர பாத்தா சிரிப்பா அழுவையான்னு தெரியல. தொழில்ங்கற இடத்துல "சம்பளதாரர்". வேலை போச்சுன்னா மூணு இஎம்ஐ கம்பெனியே கட்டும்னு ஒரு கவர், அதுக்கும் சேத்து பிரீமியம் புடிச்சிருக்கு, கீழ பொடி எழுத்துல சுயதொழில் பண்றவங்களுக்கு இது செல்லாதுன்னும் போட்டிருக்கு. மாமா கேட்டாரு, "இன்னா மாப்ள, என்ன எவன் வேலைய விட்டு தூக்குவான், நானேதான் என்ன தூக்கிக்கணும்". அடுத்த பக்கம் அதவிட மோசம். சுகர் இருக்கா, பிபி இருக்கா, மாத்திரை எதுனா சாப்பிடறீங்களா, வரிசையா எல்லாத்துக்கும் "இல்லை", எல்லாம் கம்ப்யூட்டர்ல டைப் பண்ணினது. மனுஷன் பல வருஷமா சுகருக்கு மெட்ஃபார்மின் போட்டுக்கினு கீறாரு, சிஎம்சி ஆஸ்பத்திரி ஓபி சீட்டு ஒரு ஃபைலே இருக்கு. நாளைக்கு அவருக்கு எதாவது ஆயிருந்தா இதே டெக்ளரேஷன காட்டி "உண்மைய மறைச்சிட்டாரு"ன்னு கிளெய்ம தள்ளியிருப்பாங்க. அதாவது காசு கட்டினது நிஜம், கவர் இருந்துதுன்றதுதான் பொய்.

இது நம்ம ஊரு கண்டுபுடிப்புன்னு நெனச்சிடாதீங்க. இங்கிலாந்துல பிபிஐன்னு, அதாவது பேமெண்ட் ப்ரொடெக்ஷன் இன்சூரன்ஸ்னு, இதே சமாச்சாரம் பல வருஷம் நடந்துச்சு, லோன், கிரெடிட் கார்டு, வீட்டுக்கடன் எல்லாத்தோடயும் ஒட்டி வித்தாங்க, சுயதொழில் பண்றவங்களுக்கும் ரிட்டயர் ஆனவங்களுக்கும் கூட வேலை போற கவர். பேங்க்குங்க கோர்ட்டுக்கு போயி 2011 ஏப்ரல்ல தோத்தாங்க, அதுக்கப்புறம்தான் பணம் பெரிய அளவுல திரும்ப ஆரம்பிச்சுது. புகார் குடுக்க கடைசி நாள் 2019 ஆகஸ்ட் 29ன்னு வச்சு, அத ஞாபகப்படுத்த அங்கத்த ரெகுலேட்டர் எஃப்சிஏ அர்னால்டு ஸ்வாஸ்நெகர் தலைய மட்டும் பொம்மையா செஞ்சு விளம்பரம் போட்டுச்சு. கடைசியில 3,800 கோடி பவுண்டு கிட்ட திருப்பிக் குடுத்தாங்க. இதுல எனக்கு ரொம்ப புடிச்சது 2014ல அவங்க சுப்ரீம் கோர்ட்ல வந்த, ப்ளெவின்ங்கற அம்மா கடன் குடுத்த கம்பெனி மேல போட்ட வழக்கு. பிரீமியத்துல 71.8 சதவீதம் கமிஷன், அத அந்தம்மாகிட்ட சொல்லவே இல்ல, அது கடன் குடுத்தவங்களுக்கும் வாங்கினவருக்கும் நடுவுல நியாயமில்லாத உறவுன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் பாலிசி பொருத்தமா இருந்தவங்க கூட, அளவுக்கு மீறின கமிஷன மறைச்சிருந்தா ஒரு பங்கு திருப்பி கேக்க முடிஞ்சுது. அங்க நடுவுல பூந்து "நாங்க வாங்கித் தரோம்"னு கமிஷன் அடிச்ச கம்பெனிங்களும் ஏராளம், தானே எழுதிப் போட்டிருந்தா செலவே இல்லாம முழுசா வந்திருக்கும்.

அங்க எடுபட்ட காரணத்தையே நம்ம லெட்டர்லயும் போட்டேன். இவரு சுயதொழில், ஜிஎஸ்டி பில்லு இருக்கு. சுகர் இருக்கு, ஓபி சீட்டு லோன் தேதிக்கு முன்னாடியே. ஃபாரத்த இவரு ஃபில் பண்ணல. இவருக்கு செல்லாத கவருக்கு பிரீமியம் வாங்கியிருக்கீங்க, அதனால ஆரம்பத்துல இருந்தே கேன்சல் பண்ணி முழுசா திருப்பிக் குடுங்க. ஒரு பக்கம்தான். கோவமா ஒரு வரி கூட இல்ல, திட்டணும்னு தோணிச்சு, ஆனா திட்டு இருந்தா அவங்க அதுக்கு மட்டும் வருத்தம் தெரிவிச்சு பதில் போட்டுட்டு மீதிய விட்ருவாங்க.

மொத பதில் "ஃப்ரீ லுக் காலம் முடிஞ்சிடுச்சு". பாலிசி புடிக்கலன்னா கேன்சல் பண்ண 30 நாள் டைம் உண்டு, அதுதான் ஃப்ரீ லுக், முன்னாடி 15 நாளா இருந்தத இன்சூரன்ஸ் கம்பெனிங்கள கண்காணிக்கற ஐஆர்டிஏஐ 2024ல 30 ஆக்கிடுச்சு. ஆனா அது பணம் கட்டின நாள்ல இருந்து இல்ல, பாலிசி பேப்பர் நம்ம கையில கெடச்ச நாள்ல இருந்து. சர்டிபிகேட் லிங்க எஸ்எம்எஸ்ல அனுப்பிட்டோம்னாங்க. மாமா வச்சிருக்கறது பட்டன் ஃபோன், அதுல லிங்க எங்க தொறக்கறது. இதையும் எழுதி, பீமா பரோசான்னு ஐஆர்டிஏஐ புகார் போர்ட்டல்ல எல்லா பேப்பரையும் ஏத்தினோம் (155255ல ஃபோன்லயும் சொல்லலாம்). அதுக்கப்புறம் அதே கம்பெனி அதே பேப்பர பாத்து "பரிசீலித்து ரத்து செய்யப்படுகிறது"ன்னு எழுதினாங்க. ஸ்டாம்ப் டூட்டின்னு சில்லறை மட்டும் புடிச்சாங்க.

அங்க நடக்கலன்னா அடுத்தது இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பு அதிகாரி, தமிழ்நாட்டுக்கு சென்னையில தேனாம்பேட்டை ஆபீஸ். கம்பெனிக்கு எழுதி ஒரு மாசம் பதில் இல்லன்னாலோ பதில் சரியில்லன்னாலோ ஒரு வருஷத்துக்குள்ள போகணும். ஃபீஸ் கிடையாது, வக்கீல் வச்சுக்கவும் கூடாது, 50 லட்சம் வரைக்கும் பாப்பாங்க, வீடியோவுலயும் விசாரிக்க விதி இருக்கு அதனால மெனக்கெட்டு ரயில் ஏறணும்னு இல்ல. அவங்க தீர்ப்பு கம்பெனிய கட்டுப்படுத்தும், நமக்கு புடிக்கலன்னா நாம கோர்ட்டுக்கு போகலாம். வேலூர்லயே நுகர்வோர் ஆணையமும் இருக்கு, கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும் அங்கயும் ஃபீஸ் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

இதப் படிச்சிட்டு எல்லாரும் ஓடிப்போயி கேன்சல் பண்ணிடாதீங்க. எங்க தெருவுல ஒருத்தர் வீட்டு லோன் போட்டுட்டு திடீர்னு போயிட்டாரு, அந்த லோன் இன்சூரன்ஸ்தான் வீட்ட காப்பாத்திச்சு. உங்க ஃபாரம்ல உங்க தொழிலு, உங்க வியாதி உண்மையா போட்டிருந்து, கவர் உங்களுக்கு செல்லும்னா வச்சுக்கங்க, முக்கியமா சுகர் பிபி வந்தப்புறம் புதுசா டெர்ம் பாலிசி எடுக்கறது அவ்ளோ சுலபமில்ல. லோன முன்னாடியே அடைச்சவங்க சர்டிபிகேட்ல சரண்டர்ங்கற, பாலிசிய பாதியில முடிச்சுக்கற பகுதிய பாருங்க, மீதி காலத்துக்கான பிரீமியம் கெடைக்க வாய்ப்பிருக்கு, நாம கேக்காம அவங்களா குடுக்கறது அபூர்வம்.

குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் பீடி சுத்தற அக்காங்க, தறி ஓட்டறவங்க குரூப் லோன் வாங்கறீங்கல்ல, உங்களுக்கும் இது பொருந்தும். மைக்ரோ ஃபைனான்ஸ் லோனுக்கு 2022 ஏப்ரல்ல இருந்து ரிசர்வ் பேங்க் விதி தெளிவா இருக்கு, கடன் இல்லாத வேற எதயும் விக்கணும்னா முழு சம்மதத்தோட மட்டும்தான் விக்கணும், அதோட சார்ஜ லோன் கார்டுலயே எழுதணும், கார்டு உங்க பாஷையில இருக்கணும். சென்டர் மீட்டிங்ல எல்லாருக்கும் முன்னாடி அந்த கார்ட காட்டி கேளுங்க, தனியா கேட்டா "அப்புறம் பாக்கலாம் கா"ன்னு போயிடுவாங்க.

மாமா பணம் கைக்கு வரல, லோன் அக்கவுண்ட்ல வரவு வச்சாங்க. பேங்க் சிஸ்டம் அத பார்ட் பேமெண்ட்னு நெனச்சு அதுக்கு ஒரு சார்ஜ் போட்டுச்சு பாருங்க, அங்கதான் எனக்கே பொறும போச்சு. மெயில் போட்டப்புறம் எடுத்துட்டாங்க. இன்னும் ஒன்னு பாக்கி, இத்தன மாசம் அந்த 14,750க்கு வாங்கின வட்டி. இன்சூரன்ஸ்காரங்க பேங்க்க கேளுங்கன்றாங்க, பேங்க் இன்சூரன்ஸ கேளுங்கன்றாங்க. ஆயிரம் ரூபாய்க்குள்ளதான் வரும், "வுடு மாப்ள, அவன் மொகத்துல முழிக்கறதுக்கே அது செலவாயிடும்"னு மாமா சொல்றாரு, நான் விடறதா இல்ல. பேங்க்குக்கு எழுதி 30 நாள் ஆனா ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், 14448ல விவரம் கேட்டுக்கலாம். லெட்டர் டைப் பண்ணி வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கோன்னு சொல்லியிருக்காரு, மத்த நாள்ல கைல கிரீஸ் ஒட்டிக்கினு இருக்குமாம், போன லெட்டர்ல பேங்க் சீல விட இவரு கட்ட விரல்தான் நல்லா விழுந்திருந்துச்சு.