பெல்லட் போதும்னு சொன்னேன்

எலிக்கு மருந்து குடுத்து அதோட குடல் பாக்டீரியா எப்படி மாறுதுன்னு பாக்கற வேலை எங்களுக்கு. "ஸ்ப்ளீனுக்காக (மண்ணீரல்) எப்படியும் எலியைக் கொல்லத்தானே போறோம், இலியமும் சீக்கமும் எடுத்து வெச்சுக்கலாமே அண்ணா"ன்னு ஜூனியர் பொண்ணு கேட்டா. இலியம்னா சிறுகுடலோட கடைசிப் பகுதி, சீக்கம்னா அடுத்து பெருங்குடல் ஆரம்பிக்கற இடத்துல இருக்கற பை. பெல்லட், அதாவது எலிப் புழுக்கை, அது போதும்மான்னு சொல்லிட்டேன். அவ்ளோதான் நடந்தது, ஆனா இன்னும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

என் பக்கம் நியாயம் இல்லாம இல்ல. பெல்லட்னா அதே எலிகிட்ட வாராவாரம் எடுக்கலாம், மருந்துக்கு முன்ன எப்படி பின்ன எப்படின்னு பாக்கலாம், குடலை வெட்டினா ஒரே தடவைதான். டிஎன்ஏவைப் படிச்சு என்னென்ன பாக்டீரியான்னு பாக்கற சீக்வென்சிங் காசும் அதுக்குத்தான் ஒதுக்கியிருந்தோம்.

ஆனா அவ கேட்டது தப்பா? எலி வயித்தோட முன்பகுதியில ஆசிட் சுரக்காது, அங்க லேக்டோபேசிலஸ்ங்கற பாக்டீரியா சுவரோட ஒட்டிக்கிட்டு குடும்பமே நடத்தும். சிறுகுடல்ல பித்தநீர் வேற, சாப்பாடும் வேகமா ஓடிடும், அதனால கூட்டம் கம்மி. சீக்கத்துக்கு வந்தா ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்ல, நார்ச்சத்து தேங்கி நிக்கும், முரிபாகுலேசியே, லாக்னோஸ்பிரேசியேன்னு பாக்டீரியா குடும்பங்களோட நெரிசல். பெல்லட் சொல்றது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பக்கத்துக் கதைதான். இலியம் சுவரைக் கவ்விக்கிட்டு இருக்கற எஸ்எஃப்பிங்கற பாக்டீரியா ஒண்ணே டிஹெச்17ங்கற இம்யூன் செல்லைக் கூட்டிவிடும்னு 2009லயே காட்டிட்டாங்க. நாங்க பாத்ததும் இம்யூன் செல்தான், அதான் உறுத்துது.

அப்போ இன்னொரு பாயிண்ட்டும் போட்டேன், கொஞ்சம் சாமர்த்தியமாவே. எலி தன் பெல்லட்டைத் தானே திங்கும், கீழ கம்பி வலை போட்டாலும் நேரா வாய் வெச்சு எடுத்துக்கும், சிறுகுடல்ல கிடைக்கறதுல எது அங்கயே வாழறது எது சுத்தி வந்ததுன்னு எப்படிப் பிரிப்பேன்னு. 2020ல வால்கிட்ட கப் மாட்டி திங்க விடாம பண்ணினப்போ சிறுகுடல்ல உயிரோட இருக்கற பாக்டீரியா ரொம்பவே குறைஞ்சதையும் எடுத்துவிட்டேன். "ஆனா எலி அப்படித்தானே அண்ணா வாழுது"ன்னா. பதில் வரல எனக்கு.

கொல்ற எலிகிட்ட இருந்து எடுக்க முடிஞ்சதெல்லாம் எடுக்கணும்னு எதிக்ஸ் கமிட்டில வாதாடின ஆளு நான். அதுக்காக எதுக்குன்னே தெரியாம டியூப் டியூப்பா ஃப்ரீசர்ல அடைக்கறதும் ஒரு வியாதிதான், எங்க மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரைத் திறந்தா தெரியும். இப்பவும் கேட்டா பெல்லட்னுதான் சொல்வேன்னு நினைக்கறேன், காசு இருந்தா மாத்திச் சொல்லுவேனோ என்னமோ.

எங்க பேப்பரைப் பரிசீலிச்ச ரிவ்யூவர் ஒருத்தர் இலியம் ஏன் பாக்கலன்னு கேட்டார். அவகிட்ட சொன்னதையே கொஞ்சம் பாலிஷ் பண்ணி அனுப்பினேன், ஒத்துக்கிட்டார். அவ ஒத்துக்கிட்டாளான்னு நான் கேக்கவே இல்ல.