கீழ் வரிசை முகங்கள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் இருக்கும் ஒரு பிரின்ட் கடையில் டிசைனராக இருக்கிறேன். பனர், ஸ்டிக்கர், பெயர்ப்பலகை, கலியாணக் கார்ட் எல்லாம் அடிப்போம். அதிகம் வருவது கண்ணீர் அஞ்சலிதான். அடுத்தது கோயில் திருவிழாவும், பெண்பிள்ளைகள் வயசுக்கு வந்தால் செய்கிற சாமத்திய வீடும். அதற்குப் பிறகு நடிகர்கள். பிறந்தநாள், புதுப்படம், இப்போது கட்சி மாநாடும் சேர்ந்துவிட்டது.

நடிகர் பனர் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் இருக்கும். மேலே பெரிதாக நடிகர், பின்னால் நெருப்பு அல்லது சிங்கம், நடுவில் பட்டப்பெயர். கீழே ஒரு வரிசையில் காசு போட்ட பெடியளின் படங்கள். நடிகருக்கு எனக்குப் பத்து நிமிடம் போதும். பின்னணி வெட்டிய படங்கள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. மிச்ச நேரம் முழுவதும் அந்தக் கீழ் வரிசையோடுதான் மல்லுக்கட்டுவேன். ஒருவன் அனுப்பியது வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி நைந்த செல்ஃபி. இன்னொருவன் யாருடையதோ கலியாணத்தில் எடுத்ததை அனுப்பியிருப்பான், பக்கத்தில் நின்றவரின் தோளும் அதில் இருக்கும். தோளை அழித்து, அந்த இடத்தில் இல்லாத சட்டைக் கையை வரைந்து விடுவேன். "அக்கா, என்னைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ" என்று கேட்காதவன் குறைவு. சோல்வென்ட் மையில் அடிக்கும்போது முகம் ஒரு படி கறுத்துத்தான் வரும் என்பதால் அதை நான் கேட்காமலே செய்துவிடுவேன்.

சண்டை வருவது நடிகரைப் பற்றியில்லை, யார் நடுவில் என்பதில்தான். இரட்டிப்புக் காசு போட்டவனுக்குப் படம் பெரிதாக வேண்டும். கட்டாரில் நிற்பவன் காசும் படமும் அனுப்பிவிட்டு, அச்சடிக்கும் மெஷின் ஓடுவதை வீடியோ கோலில் காட்டச் சொல்வான். ஒருமுறை இரவு பத்து மணிக்குப் பிறகு ஒரு கோல்: "அக்கா, அவன் சொன்ன காசு தரேல்ல, அவன்ர தலையை எடுத்து விடுங்கோ."

இந்தப் பெடியள் மேசன் வேலைக்குப் போகிறவர்கள், நெல் மூட்டை ஏற்றுகிறவர்கள், சிலர் ஏ.எல். (உயர்தரச்) சோதனை எழுதிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறவர்கள். பனருக்குப் போடுகிற காசு அவர்களுக்குச் சின்னக் காசு இல்லை. ஆனாலும் அந்த ஆசையைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வருவதில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவருடைய முகம் பெரிதாக வீதிக்கு வருவது பெரும்பாலும் அவர் செத்த பிறகுதான். அதற்குக்கூட நல்ல படம் இருக்காது. 2009இல் யுத்தத்தின் கடைசியில் அல்பங்களையும் விட்டுவிட்டு ஓடிவந்த சனம், அடையாள அட்டையின் கொப்பியைக் கொண்டுவந்து "இதிலயிருந்து எடுக்கலாமோ பிள்ளை" என்று கேட்பார்கள். அப்படியான ஊரில் இருபது வயதுப் பெடியன் ஒருவன், உயிரோடு இருக்கும்போதே தன் முகம் சந்தியில் தொங்கவேண்டும் என்று நினைப்பதில் என்ன பிழை?

என் கோபம் வேறு இடத்தில். இந்த ஆசை இருப்பது சினிமாத் தொழிலுக்கு நன்றாகத் தெரியும். படத்துக்கு இத்தனை கோடி செலவு என்று சொல்லும் கணக்கில் எங்கள் சந்தியில் தொங்கும் பனருக்கு ஒரு சதமும் இல்லை. விளம்பரம் முழுக்க இனாம். கூலி கேட்காத வேலையாட்களுக்குக் காப்புறுதியும் தேவையில்லைத்தானே.

2023 ஜூலையில் சூர்யாவின் பிறந்தநாளுக்கு ஆந்திராவின் நரசராவ்பேட்டைப் பக்கம் பனர் கட்டிய இரண்டு கல்லூரி மாணவர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். 2024 ஜனவரியில் யஷ்ஷின் பிறந்தநாளுக்குக் கர்நாடகாவின் கதக் மாவட்டத்தில் அதே மாதிரி மூன்று பேர். யஷ் அந்த வீடுகளுக்குப் போனார், இப்படியெல்லாம் செய்யவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அன்றைக்கே, அவரைப் பார்க்கும் அவசரத்தில் ஸ்கூட்டரில் போன இன்னொரு இளைஞன் பொலிஸ் வாகனத்தோடு மோதுண்டு, பிறகு இறந்துபோனான். ஆறுதல் சொல்லப் போன பயணமும் ஒரு உயிரை எடுத்துவிட்டது.

இந்தச் சாவுகள் எப்படி நடக்கின்றன என்பது பனர் கடையில் இருக்கிற எனக்குப் புரியும். பனர் கட்டுகிற சட்டம் இரும்பு. கட்டுவது இரவில், ஏனென்றால் விடியும்போது சனம் பார்க்க வேண்டும். இருபதடிப் பனரை நிமிர்த்தும்போது சின்னக் காற்று அடித்தாலும் ஆளை இழுத்துக்கொண்டு போகும், மேலே போகிற வயரை யார் பார்ப்பது? பெரிய பனர்களில் காற்றுப் போக அரைவட்டமாக வெட்டிவிடுவோம். வெட்டினால் நடிகரின் முகம் கெட்டுவிடும் என்று பெடியள் விடமாட்டார்கள். எங்கள் முதலாளி இப்போது நடிகர் பனருக்கு இரும்புச் சட்டம் செய்து கொடுப்பதில்லை. "மரத்தில அடியுங்கோ, இல்லாட்டி வேற கடைக்குப் போங்கோ" என்பார். வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு.

நடிகர்கள் மட்டும் நினைத்தால் இது நின்றுவிடும் என்றும் சொல்லமாட்டேன். அஜித் 2011இலேயே தன் ரசிகர் மன்றங்களைக் கலைத்துவிட்டார். 2021 டிசம்பரில், பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டாம் என்று அறிக்கையே விட்டார். அப்புறமும் 2023 ஜனவரி 11 அதிகாலை, அவருடைய படம் வெளியான அன்று, சென்னையில் லொறியில் ஏறி ஆடிய ஒரு இளைஞன் விழுந்து இறந்தான். எங்கள் கடைக்கும் அதே பட்டப்பெயரோடுதான் ஓடர் வருகிறது. அவரே வேண்டாம் என்றதை ஒருமுறை எடுத்துச் சொன்னேன். "அது அவற்ற பெருந்தன்மை அக்கா" என்று பதில் வந்தது. வேண்டாம் என்று சொன்னதும் புகழாகத்தான் போய்ச் சேர்ந்தது.

நடிகைகளுக்குப் பனர் கேட்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை. நடிகைகள் பெடியளின் போனில் வேறு விதமாக இருக்கிறார்கள். மலையாள சினிமாவில் பெண்களுக்கு நடப்பதைப் பற்றி ஹேமா கமிட்டி 2019 கடைசியில் கொடுத்த அறிக்கை, 2024 ஓகஸ்ட் வரை வெளியே வரவில்லை. வந்தபோது கடையில் நடந்த பேச்சு முழுக்க "ஆர் அந்த நடிகர்" என்பதுதான். அந்தப் பெண்களுக்கு என்ன நடந்தது என்று ஒருவன்கூடக் கதைக்கவில்லை.

2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் இசை நிகழ்ச்சி நடந்தது. தமன்னாவும் வந்திருந்தார். இங்கிருந்தும் வான் பிடித்துப் போனார்கள். காசு கட்டினவர்களுக்கு முன்னால் கதிரை, மற்றவர்களுக்குப் பின்னால் தடுப்பு. கூட்டம் தடுப்பை உடைத்துக்கொண்டு முன்னுக்கு வர நிகழ்ச்சி குழம்பிப்போனது. அடுத்த நாள் முகப்புத்தகம் முழுக்க வடக்கு இளைஞர்களுக்கு ஒழுக்கம் இல்லை என்ற திட்டு. பெடியள் செய்தது சரியென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் "வாங்கோ, வாங்கோ" என்று நட்சத்திரத்தைக் காட்டிக் கூப்பிட்டவர்களை அவ்வளவு பேர் திட்டவில்லை.

2017இல் வவுனியா சின்ன அடம்பனில் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் கட்டிய 150 வீடுகளைக் கையளிக்க ரஜினிகாந்த் வருவதாக இருந்தது. வீடுகளைக் கட்டிய அறக்கட்டளை, அப்போது அவருடைய படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்த நிறுவனத்தினுடையது. தமிழகத் தலைவர்கள் சிலர் எதிர்க்க, அவர் பயணத்தை நிறுத்திவிட்டார். வருவாரா மாட்டாரா என்று இரண்டு கரையிலும் அவ்வளவு வாக்குவாதம். அந்த 150 குடும்பத்தின் கதையைப் பத்திரிகைகளில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

2025 செப்டெம்பர் 27, கரூர். நடிகர் விஜய்யின் கட்சிக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. அடுத்த நாட்களில் கடைக்கு வந்த பெடியள் எல்லோரும் இதைத்தான் கதைத்தார்கள். பொலிஸ் பிழை, சதி, நேரம் பிந்தி வந்தது பிழை என்று ஆளுக்கொன்று. அதில் ஒருவன் சொன்னான், "உவை ஏன் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு போனவை?"

யாருடைய பிழை என்பதை விசாரணை செய்கிறவர்கள் சொல்லட்டும். அந்தக் கேள்வி மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. 2009க்குப் பிறகு, "ஏன் அவ்வளவு தூரம் பிள்ளைகளோடு சனத்துக்குப் பின்னால் போனீர்கள், முதலே வெளியில் வந்திருக்கலாமே" என்று வசதியான இடத்தில் இருந்தவர்கள் என் அம்மாவிடம் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே விசயம் இல்லை, தெரியும். செத்தவரைக் குற்றவாளியாக்கிவிட்டு மேலே இருப்பவரைக் காப்பாற்றும் வேலை மட்டும் ஒன்றுதான். அதை அவனிடம் சொன்னேன். அவன் பேசாமல் பென் டிரைவைத் தந்துவிட்டு, "அஞ்சலிப் பனர் ஒன்று, அவற்ற படம் வேண்டாம், பேர் மட்டும் போடுங்கோ" என்றான். கீழ் வரிசைக்கு அன்றைக்கு ஒருவரும் படம் தரவில்லை.

போன மாதம் ஒரு அம்மா மிச்சக் காசு கட்ட வந்தார். மகன் அட்வான்ஸ் மட்டும் தந்துவிட்டு மன்னார்ப் பக்கம் மேசன் வேலைக்குப் போய்விட்டானாம். பனரை விரித்துக் காட்டினேன். "இதில என்ர பிள்ளை எவடம்?" என்று கேட்டார். இடப்பக்கம் மூன்றாவது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உந்தப் பெரிய ஆளை எடுத்துப்போட்டு இவனை மட்டும் ஒரு படமா அடிச்சுத் தருவியளோ பிள்ளை?" என்றார். இந்தப் படத்தைப் பெருப்பித்தால் உடைந்துபோகும் அம்மா, ஆளையே கூட்டிக்கொண்டு வாங்கோ, இங்கேயே எடுத்து அடித்துத் தாறன் என்றேன். விலை கேட்டார். லமினேட் செய்து எட்டுக்குப் பன்னிரண்டு என்ன வரும் என்று சொன்னேன். "உதென்ன, பனரை விட எவ்வளவோ மலிவாயெல்லோ கிடக்கு" என்றார்.