நிகா மரத்தடியில் திரும்பும் குழாய்

2022 அக்டோபர் கடைசி வாரம். மாலத்தீவுத் தலைநகர் மாலேயிலிருந்து சரக்குத் தோணியில் ஆறு மணி நேரம் போய், மூடிக் கிடந்த எங்கள் ரிசார்ட் தீவின் படகுத்துறையை நெருங்கினோம். எங்கள் தீவு என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் கிடையாது. ஆனால் ஒன்பது வருஷம் அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. பிளாண்டும் ஜெனரேட்டரும் பார்த்தவனுக்கு வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. துறையில் பலகைகள் பாதி இல்லை. இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது தென்னம்பிள்ளைகள். இரண்டரை வருஷமாக விழுந்த தேங்காயெல்லாம் விழுந்த இடத்திலேயே முளைத்து, வரவேற்புக் கூடத்துக்குப் போகும் மணல் பாதை முழுக்க இடுப்பு உயரத்துக்கு நின்றன. முன்பெல்லாம் அந்தப் பாதையை விடியும் முன்னே ஆறு பேர் கூட்டுவார்கள். விருந்தாளி எழுந்து வரும்போது மணலில் விளக்குமாற்றின் கோடு மட்டும்தான் தெரிய வேண்டும்.

தீவின் பெயரையும் பழைய, புதிய கம்பெனிகளின் பெயரையும் நான் எழுதவில்லை. அங்கே இன்றும் வேலை பார்ப்பவர்கள் என் சிநேகிதர்கள்.

கொரோனாவில் மூடிய கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2020 மார்ச் 27-ஆம் தேதி மாலத்தீவு, வந்திறங்கும் பயணிகளுக்கு விசா கொடுப்பதை நிறுத்தியது. முந்தின வருஷம் 17 லட்சம் பேர் வந்த நாடு அது. ஒரே வாரத்தில் அறைகள் காலி. எங்களை அங்கேயே இருக்கச் சொன்னார்கள். ஏப்ரல் சம்பளம் வரவில்லை, மே மாதமும் வரவில்லை. ஜூன் மாதம் இந்தியக் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் மாலேயிலிருந்து சுமார் 700 பேரை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தது. அதில் நானும் வந்தேன். என் சொந்த ஊர்த் துறைமுகத்திலேயே கப்பல் வந்து நின்றது. கையில் ஒரு பை, வராத சம்பளப் பாக்கி, ஒரு கடிதம். 'நிலைமை சீரானதும் அழைப்போம்' என்று அதில் இருந்தது. ஜூலை 15-ஆம் தேதி மாலத்தீவு எல்லையைத் திறந்துவிட்டது. பக்கத்துத் தீவுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிய ஆரம்பித்தது. எங்கள் தீவில் எரியவில்லை. பழைய கம்பெனிக்கு ஏற்கெனவே கடன் கழுத்து வரை இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் ஊரில் ஓர் ஐஸ் பிளாண்டில் சேர்ந்தேன்.

'தீவை விற்றுவிட்டார்களாமே' என்று ஊரில் கேட்பார்கள். அங்கே தீவை யாரும் விற்க முடியாது. தீவு அரசாங்கத்துடையது. கம்பெனிகள் எடுப்பது குத்தகை, பெரும்பாலும் 50 வருஷத்துக்கு. 1972-ல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் தொடங்கியதிலிருந்து, ஒரு தீவில் ஒரு விடுதி என்ற கணக்கில்தான் இந்தத் தொழில் வளர்ந்தது. (குரும்பா என்றால் மாலத்தீவின் திவேஹி மொழியில் இளநீர்க்காய். நம் குரும்பையை நினைத்துக்கொள்ளுங்கள்.) ஆகவே கைமாறுவது மிச்சமிருக்கும் குத்தகைக் காலமும் மேலே நிற்கும் கட்டடங்களும்தான். மூடிய தீவெல்லாம் மறுபடி திறக்கும் என்றும் இல்லை. மாலே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபருகொள்ஹுஃபுஷி என்றொரு தீவு. கிளப் மெட் என்ற ரிசார்ட் இருந்த இடம். இன்று அது ஹுல்ஹுமாலே நகரத்தின் இரண்டாம் கட்டத்துக்குள் போய்விட்டது. ஆகவே புதிய கம்பெனியிலிருந்து 'வருகிறாயா' என்று போன் வந்தபோது சம்பளம் எவ்வளவு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. தீவு திறக்கப்போகிறது என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. என் மனைவிதான் பக்கத்தில் நின்று, "முதல்ல பழைய பாக்கியக் கேளுங்க" என்றாள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

கடலுக்கு நடுவில் ஒரு கட்டடத்தைப் பூட்டிப் போட்டால் என்ன ஆகும் என்பதை நான் அந்த நவம்பரில்தான் முழுசாகப் பார்த்தேன். ஏ.சி.யின் வெளி யூனிட்டைத் தொட்டால் அலுமினியத் தகடு மாவாகக் கையில் உதிர்ந்தது. கதவுகள் ஊறி உப்பி நிலையோடு இறுகியிருந்தன. ஃபங்கி என்று அவர்கள் சொல்லும் ஓலைக்கூரை பாதி வில்லாக்களில் உள்ளே விழுந்திருந்தது. மெத்தைகளில் எலி. டீசல் தொட்டியின் அடியில் தண்ணீரும் கறுப்புக் கசடும். ஒவ்வொரு கேபிளுக்கும் மெக்கர் (மின்கசிவு இருக்கிறதா என்று காட்டும் கருவி) போட்டுப் பார்த்தோம். கடலுக்கு மேல் கட்டிய தண்ணீர் வில்லாக்களுக்குப் போகும் கேபிள்களில் தேறியவை கொஞ்சம்தான். ஜெனரேட்டரை நேராகச் சாவி திருப்பிக் கிளப்பக் கூடாது என்று புதுப் பையன்களிடம் மன்றாட வேண்டியிருந்தது. முதலில் கம்பி போட்டுக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும், எங்காவது பிடிக்கிறதா என்று. எஞ்சின் மெதுவாகச் சுற்றியபோது என் தோள் வலியையும் மீறி ஒரு நிம்மதி வந்தது. மூடும்போது அதற்கு எண்ணெய் விட்டுத் துணி சுற்றி வைத்தவன் நான்தான்.

மணலும் இடம் மாறியிருந்தது. அங்கே வருஷத்துக்கு இரண்டு பருவம். வடகிழக்குக் காற்று இருவை, தென்மேற்குக் காற்று ஹுல்ஹங்கு. ஒரு பருவத்தில் தீவின் ஒரு பக்கத்து மணலைக் கடல் எடுத்து மறு பக்கம் சேர்க்கும், அடுத்த பருவத்தில் திருப்பிக் கொண்டுவரும். ரிசார்ட் நடக்கும்போது மூட்டை அடுக்கியும் மணலை இறைத்தும் அதைச் சமாளித்துக்கொண்டே இருப்போம். ஆள் இல்லாத ஐந்து பருவம் கடல் தன் விருப்பப்படி செய்திருந்தது. மேற்குக் கரையில் இரண்டு வில்லாக்களின் படிகள் அந்தரத்தில் தொங்கின.

இனி பேபே பற்றிச் சொல்ல வேண்டும். பேபே என்றால் அண்ணன். பக்கத்துத் தீவுக்காரர், வயது அறுபதைத் தாண்டியவர். ரிசார்ட் கட்டும்போது கூலியாக வந்து, பிறகு பிளம்பிங்கில் சேர்ந்தவர். மூடியிருந்த காலம் முழுக்க இரண்டு பங்களாதேஷ் இளைஞர்களோடு காவலுக்கு இருந்தவரும் அவர்தான். சம்பளம் ஒழுங்காக வராதபோதும் இருந்தார். மீன் பிடித்துச் சாப்பிட்டார்கள், மழைத் தண்ணீர் குடித்தார்கள். ஏன் போகவில்லை என்று கேட்டேன். "நான் போனால் மோட்டாரையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்விடுவார்களே" என்றார்.

புதிய கம்பெனியின் பிராஜெக்ட் குழு கையில் நல்ல வரைபடங்களோடு வந்திருந்தது. படித்த பிள்ளைகள், உழைப்பாளிகள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வரைபடம் தீவு கட்டியபோது போட்டது. அதற்குப் பிறகு இருபது வருஷத்தில் எத்தனையோ முறை குழாய் உடைந்து, ஒட்டி, வளைத்து, வேறு வழியாகக் கொண்டுபோயிருக்கிறோம். எதையும் யாரும் காகிதத்தில் ஏற்றவில்லை. அதில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்க விரும்பவில்லை. தீவின் நடுவே உள்ள பெரிய ஆலமரத்துக்கு அந்தப் பக்கம் தண்ணீர் போகவில்லை. (ஆலமரத்தை அவர்கள் நிகா என்பார்கள்.) வரைபடப்படி மூன்று இடத்தில் தோண்டினார்கள். வேர்தான் வந்தது. கடைசியில், புதுக் குழாய் போட்டுவிடலாம், மரத்தின் ஒரு பக்க வேரை வெட்டினால் நேராகப் போய்விடும் என்று பேச்சு வந்தது.

பேபேயைக் கூப்பிட்டு வந்தேன். அவர் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். அடிமரத்தில் முதுகைச் சாய்த்து நின்றார். அப்புறம் கடலைப் பார்த்து நடந்தார், ஒன்று, இரண்டு என்று திவேஹியில் எண்ணிக்கொண்டே. ஏழாவது அடியில் நின்று, செருப்பைக் கழற்றி, வெறும் குதிகாலால் மணலில் ஒரு குழி போட்டார். "இங்கே" என்றார். முட்டளவு தோண்டுவதற்குள் மண்வெட்டி குழாயில் தட்டியது. முழங்கை வளைவு, அதன் மேல் சுற்றிய ரப்பர் டியூப், துருப்பிடித்த கிளாம்ப். அந்தக் கிளாம்ப் நான் முறுக்கியது. முறுக்கியது ஞாபகம் இருந்தது, இடம் மறந்துபோயிருந்தது. பிராஜெக்ட் இன்ஜினியர் பெண் ஒன்றும் பேசாமல் குனிந்து பேபேயின் செருப்பை எடுத்து அவர் காலருகே வைத்தாள். அதை நான் மறக்க மாட்டேன்.

அன்றிலிருந்து வேலையின் போக்கே மாறியது. எதைத் தோண்டுவதற்கும் முன்னால் பழைய ஆட்களைக் கேட்பது வழக்கமானது. இருநூறு பேரில் திரும்பி வந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். இலங்கையின் ஹட்டனிலிருந்து வந்த சமையல்காரத் தம்பிக்குச் சமையலறையின் எந்த வடிகால் மழையில் எதிர்த்து வரும் என்று தெரியும். படகு ஓட்டிகளுக்குப் பவழப்பாறையின் வாய் எந்தப் பக்கம் மணல் தூர்ந்திருக்கிறது என்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே தெரியும். பணம் போட்டால் கட்டடம் வரும், கட்டில் வரும். இந்த மாதிரி அறிவைக் கப்பலில் இறக்க முடியாது. மூடிய இடத்தை வாங்குகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது பழைய ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என் ஆர்.ஓ. பிளாண்டுக்கு வருகிறேன். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு. அதை 60 பார் அழுத்தத்தில் மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வு வழியே தள்ளினால்தான் நல்ல தண்ணீர் பிரியும். மெம்பரேன் காயக் கூடாது, அழுகவும் கூடாது. நிறுத்தி வைப்பதென்றால் கிருமி வளராமல் காக்கும் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசல் நிரப்பி மூட வேண்டும், அதையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். 2020-ல் ஒரு மாதத்தில் திரும்பிவிடுவோம் என்று நினைத்து நிரப்பிவிட்டுப் போனேன். திறந்தபோது வந்த நாற்றத்தை எழுத வேண்டாம். எல்லாம் புதிதாகத்தான் போட்டோம். அதுவரை மாலேயிலிருந்து வந்த பாட்டில் தண்ணீரில்தான் குடியும் சமையலும்.

டிசம்பர் நடுவில் ஒரு சாயங்காலம் ஓட்டினோம். முதல் அரை மணி வரும் தண்ணீரைக் கீழே விட்டுவிட வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் எண் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 900, 640, 410. முந்நூறுக்குக் கீழே வந்ததும் ஹட்டன் தம்பி ஒரு எவர்சில்வர் டம்ளரை நீட்டினான். "அண்ணன், நீங்கள்தான் முதலில்" என்றான். நான் பேபேயிடம் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

அதோடு முடியவில்லை. தேங்கிக் கிடந்த குழாய்களில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், நுரையீரலைத் தாக்கும். ஒவ்வோர் அறையின் ஒவ்வொரு குழாயையும் திறந்து கொதிசூட்டில் வெந்நீர் ஓடவிட்டு, மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினோம். இரண்டு முறை திரும்பச் செய்தோம். திறப்பு தள்ளிப்போனது. மேலிடம் அவசரப்படவில்லை. அதற்காக அவர்களை நான் மதிக்கிறேன்.

சரி, சம்பளப் பாக்கி. மனைவி சொன்னபடி முதல் நாளே கேட்டேன். பழைய கம்பெனியின் கடனுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். சட்டப்படி எது சரி என்று வாதாட எனக்குப் படிப்பு இல்லை. முப்பத்தெட்டுப் பேரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: பாக்கியைத் தர முடியாது, ஆனால் பழைய வருஷங்களைச் சர்வீஸாகக் கணக்கில் சேர்க்கிறோம், விடுப்பும் ஊதிய உயர்வும் அதன்படி. சிலருக்கு அது போதும் என்று பட்டது. எனக்குப் படவில்லை, இன்றும் படவில்லை. என் மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக அந்த ஜூனில் நகை அடகுக்குப் போனது. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தில் 'ஒன்பது ஆண்டுகள்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோது, அந்த ஒன்பது வருஷமும் நடந்ததுதான் என்று யாரோ ஒப்புக்கொண்டது போல இருந்தது. கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

2023 பிப்ரவரியில் முதல் விருந்தாளிகள் வந்தார்கள், வயதான ஜெர்மன் தம்பதி. மூடுவதற்கு முன்பே பலமுறை வந்தவர்களாம். பெயர்ப் பலகை, சீருடை, வரவேற்பு பானம் எல்லாம் புதிது. அந்த அம்மாள் எதையும் பார்க்கவில்லை. துறையில் நின்றிருந்த பேபேயை நோக்கி நேராக நடந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ரிசார்ட்டின் புதுப் பெயரைப் படகு ஓட்டிகள் ரேடியோவில் சொல்வதே இல்லை, பழைய திவேஹிப் பெயர்தான். பாதையில் முளைத்த தென்னம்பிள்ளைகளில் நூறுக்கு மேல் பெயர்த்து மேற்குக் கரையில் நட்டிருக்கிறோம்.

பேபே அடுத்த வருஷம் ஓய்வு பெற்றுத் தன் தீவுக்குப் போனார். போவதற்கு முன்னால் ஒரு மாதம், தினமும் சாயங்காலம் நானும் அவரும் நோட்டும் அளவு நாடாவுமாகத் தீவைச் சுற்றினோம். எந்த வால்வு எங்கே, எந்தக் குழாய் எந்த ஆழத்தில், எல்லாம் மீட்டரில் எழுதினேன். நிகா மரத்தடிக்கு வந்தபோது நாடாவைப் பிடிக்க விடவில்லை. "ஏழு அடி வை என்று எழுது" என்றார். அப்படியே எழுதினேன். இப்போது புதுப் பையன்களைக் கூட்டிப்போய் மரத்தில் முதுகைச் சாய்த்து நடக்கச் சொல்கிறேன். என் நடையில் அந்த இடத்துக்கு எட்டு வருகிறது.